அணிகலனும் மின்கலமும்

என் வலது கை மோதிர விரலில் இரண்டரை ஆண்டுகள் இருந்த, இதயத் துடிப்பையும் உறக்கத்தையும் அளக்கும் டைட்டேனியம் ஸ்மார்ட் மோதிரத்தைச் சென்ற மாதம் கழற்றி வைத்துவிட்டேன். அது உடையவில்லை, அதன் மேல் கீறல்கூட அதிகம் விழவில்லை. வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆறு நாள் தாங்கிய மின்கலம், கடைசி மாதங்களில் ஓர் இரவைக்கூடத் தாண்டவில்லை. அணிந்துகொண்டு படுத்தால் விடிவதற்குள் அணைந்துவிடும். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, மின்கலத்தை மாற்ற வழியில்லை, புதிய மோதிரம் வாங்கினால் சலுகை உண்டு என்று மூன்றே வரியில் பதில் வந்தது. அதே கையின் சுண்டு விரலில் நான் அணிந்திருப்பது என் பாட்டியின் மெல்லிய தங்க மோதிரம். அதற்கு வயது எழுபதுக்கு மேல் ஆகிறது. இடையில் ஒருமுறை அளவைக் குறைத்திருக்கிறார்கள், சில முறை மெருகு போட்டிருக்கிறார்கள். மற்றபடி அது அன்று இருந்தபடியே இருக்கிறது. இரண்டு மோதிரங்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தமிழில் நகைக்கு அணிகலன் என்றொரு பெயர் உண்டு. கலம் என்ற சொல் பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும், ஆயுதத்தையும் ஆபரணத்தையும் குறிக்கும். உண்கலம், மரக்கலம், படைக்கலம், அணிகலம் என்று எல்லாவற்றிலும் அச்சொல் வந்து அமர்கிறது. பேட்டரிக்குத் தமிழில் பெயரிட்டவர்களும் மின்கலம் என்றே பெயரிட்டார்கள். ஆகவே நகை வேறு, கருவி வேறு என்று கோடு கிழிப்பது நம் மொழிக்கு அவ்வளவு இயல்பானதன்று. முத்திரை பொறித்த மோதிரத்தைக் கணையாழி என்றார்கள். அது விரலுக்கு அழகு சேர்த்ததோடு, அழுத்திய இடத்தில் ஓர் ஆணையை உறுதிப்படுத்தியது. அதைக் கொண்டுவந்தவர் யாருடைய ஆள் என்பதற்குச் சான்றாகவும் நின்றது. விரலில் ஒரு வேலையைச் சுமப்பது மனிதர்களுக்குப் புதிதன்று. ஸ்மார்ட் மோதிரத்தைப் பார்த்து, ‘இதெல்லாம் நகையா?’ என்று முகம் சுளிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கைக்கடிகாரமும் நகையாகத்தான் மணிக்கட்டுக்கு வந்தது. பட்டேக் ஃபிலிப் நிறுவனம் 1868இல் ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு சீமாட்டிக்காகச் செய்த கடிகாரம் தங்க வளையல் வடிவில் இருந்தது. அக்காலத்து ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரத்தையே வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டுவதைப் பெண்களின் அலங்காரம் என்று ஒதுக்கினார்கள். முதல் உலகப்போரின் பதுங்கு குழிகளில், பையில் கைவிட்டு மணி பார்க்க நேரமில்லாத நிலை வந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. மின்னணுக் கடிகாரத்தின் கதையும் தங்கத்தில்தான் தொடங்கியது. ஹாமில்டன் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பல்சர் என்ற முதல் டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் கூடு 18 காரட் தங்கம். பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண்கள் ஒளிரும். சில ஆண்டுகளுக்குள் அதே வேலையைச் செய்யும் பிளாஸ்டிக் கடிகாரங்கள் மலிவாகக் குவிந்துவிட்டன. அதற்குள்ளிருந்த மின்னணுச் சில்லின் மதிப்பு சரிந்தது. வெளியே இருந்த தங்கத்தின் மதிப்பு அப்படியே நின்றது. ஒரே பொருளின் இரு பகுதிகளுக்கு இரு வேறு ஆயுள் என்ற இந்தச் சிக்கல் அன்றே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மோதிரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அது ஏன் விரைவில் சாகிறது என்பதும் தெளிவாகும். பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு நிறங்களில் ஒளிவிடும் மிகச் சிறிய எல்.இ.டி. விளக்குகள் விரலின் தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. இதயம் துடிக்கும்போதெல்லாம் விரலின் நாளங்களில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளியுணரி அளந்து, அதிலிருந்து துடிப்பின் எண்ணிக்கையையும், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதையும் கணக்கிடுகிறது. உள்ளங்கைப் பக்கமாக விரலின் இருபுறமும் நாளங்கள் ஓடுவதால், மணிக்கட்டின் மேற்புறத்தைவிட விரலில் இந்தக் குறிகை வலுவாகக் கிடைக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு அறியலாம் என்பதை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974இல் வெளியிட்டார். மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கவ்விக்கும் இந்த மோதிரத்துக்கும் மூலம் அந்த ஒரே கருத்துதான். இவற்றோடு தோலின் வெப்பநிலையை அளக்கும் உணரி, அசைவைப் பதிவுசெய்யும் முடுக்கமானி, கைபேசிக்குத் தகவல் அனுப்பும் புளூடூத் சில்லு, அதற்கான ஆன்டெனா எல்லாம் அந்த வளையத்துக்குள் அடங்க வேண்டும்.

அந்த வளையத்தின் அளவை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. சாம்சங் 2024இல் வெளியிட்ட கேலக்சி ரிங் 7 மில்லிமீட்டர் அகலமும் 2.6 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அளவைப் பொறுத்து அதன் எடை 2.3 கிராமிலிருந்து 3 கிராம் வரை. ஒரு கைபேசியின் மின்கலம் பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்றால், இதில் இருப்பது 18 முதல் 23.5 வரைதான், அதாவது ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்கு. விரலின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் செய்யப்பட்ட அந்த லித்தியம் மின்கலத்தைக் கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுகிறார்கள். உலோகம் ரேடியோ அலையை மறைக்கும் என்பதால் மோதிரத்தை முழுவதும் உலோகத்தால் செய்ய முடியாது. வெளிச்சுற்று டைட்டேனியம், உட்சுற்று பிசின் என்று பிரித்துச் செய்கிறார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3 என்றால் டைட்டேனியத்தினுடையது 4.5 மட்டுமே, ஆகவே நாள் முழுவதும் விரலில் இருந்தாலும் பாரம் தெரியாது. தங்க நிறத்தில் விற்கப்படுபவற்றில் அந்த நிறம் மேற்பூச்சு மட்டும்தான்.

கை கழுவும்போதும் குளிக்கும்போதும் மோதிரத்தைக் கழற்ற மாட்டோம் என்பதால், நீர் புகாதபடி எல்லாவற்றையும் பிசினுக்குள் புதைத்து மூடிவிடுகிறார்கள். நீர் புகாத அந்த மூடியே பழுதுபார்ப்பவர் கையும் புகாத மூடி. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் குழுவினர் கேலக்சி ரிங்கை ஆராய்ந்துவிட்டு, மின்கலத்தின் ஆயுள்தான் மோதிரத்தின் ஆயுள் என்றே சொன்னார்கள். எந்த லித்தியம் மின்கலமும் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின் தன் கொள்ளளவில் கணிசமான பங்கை இழக்கும். கொள்ளளவு குறையக் குறைய அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும்; அடிக்கடி செய்யச் செய்ய அது இன்னும் வேகமாகத் தேயும். என் மோதிரத்தின் கடைசி ஆறு மாதங்கள் இப்படித்தான் கழிந்தன.

அது எனக்குத் தந்ததையும் நான் மறைக்கக் கூடாது. ஒருமுறை காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவே என் தோலின் வெப்பநிலை வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதையும், ஓய்விலிருக்கும்போதைய துடிப்பு கூடியிருப்பதையும் அது காட்டியது. அன்று நான் பயணத்தைத் தள்ளிவைத்தது நல்லதாயிற்று. நள்ளிரவு வரை வேலை பார்த்த நாட்களில் உறக்கம் எவ்வளவு குலைந்தது என்பதை வரைபடமாகப் பார்த்த பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டேன். ஆனால் இன்னொன்றும் நடந்தது. காலையில் எழுந்ததும் உடல் எப்படி இருக்கிறது என்று என்னை நானே கேட்டுக்கொள்வது நின்றுபோய், மோதிரம் கொடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பக் களைப்பையோ உற்சாகத்தையோ உணரத் தொடங்கினேன். நன்றாக உறங்கியதாக நினைத்து எழுந்த நாளிலும் 62 என்று எண் வந்தால் மனம் சோர்ந்துவிடும். உறக்க அளவைகளைச் சரிசெய்யும் தவிப்பே உறக்கத்தைக் கெடுக்கும் இந்நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரிட்டிருப்பதைப் பின்னர் படித்தபோது, நான் மட்டும் அப்படியில்லை என்று ஆறுதலாக இருந்தது.

எண்களை நம்புவதிலும் ஓர் எல்லை வேண்டும். ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் கருவிகள் எல்லாத் தோல் நிறங்களுக்கும் ஒரே அளவு துல்லியமாக இருப்பதில்லை. அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறிய நிலை வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், விரலில் அணியும் சிறு வளையத்தைக் கருமையான தோல் உடைய நாம் இன்னும் கவனமாகவே நம்ப வேண்டும். தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் மோதிரங்களையும் கடிகாரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி எந்தக் கருவிக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றும் அது தெளிவாகச் சொன்னது. சர்க்கரை நோய் உள்ளவர் தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஃபேஷன் உலகம் இந்தக் கருவிகளை முதலில் வேறு விதமாகத்தான் தொட்டது. பிளாஸ்டிக் பட்டையாக வந்த, நடை எண்ணும் ஃபிட்பிட் கருவியை மறைத்து வைக்க, வடிவமைப்பாளர் டோரி பர்ச் 2014இல் பித்தளைக் காப்புகளையும் பதக்கங்களையும் செய்தார். மிஸ்ஃபிட் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்வரோவ்ஸ்கி 2015இல் கொண்டுவந்த படிகத்துக்குள் நடை எண்ணும் கருவி இருந்தது. அதில் ஒரு வகை, படிகத்தின் வழியாக வரும் வெளிச்சத்தையே மின்சாரமாக்கிக்கொண்டது. கல் வைத்த மோதிரம் ஒன்று அழைப்பு வரும்போது மெல்ல அதிர்ந்து ஓரத்தில் ஒளிரும்படி ரிங்லி என்ற சிறு நிறுவனம் செய்தது. அது பெண்கள் விரும்பி அணியும்படி உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்த நிறுவனம் இன்று இல்லை. மிஸ்ஃபிட்டை 2015இல் வாங்கி, பல புகழ்பெற்ற பெயர்களில் ஸ்மார்ட் கடிகாரங்களைச் செய்துவந்த ஃபாசில், 2024 ஜனவரியில் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. இதற்கிடையே, பின்லாந்தின் ஓலு நகரில் 2013இல் தொடங்கப்பட்ட ஊரா நிறுவனம் திரையும் இல்லாமல், கல்லும் இல்லாமல், வெறும் வளையமாகத் தன் மோதிரத்தைச் செய்து நிலைத்துவிட்டது. நகை போலத் தோன்ற அதிகம் முயன்றவை மறைந்து, எளிய வளையமாக இருந்தது மட்டும் தங்கியதற்கு, அது விரலைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். கண்ணைக் கேட்கவில்லை, கவனத்தைக் கேட்கவில்லை. மாதச் சந்தாவைக் கேட்கிறது என்பது வேறு வருத்தம்; பணம் கொடுத்து வாங்கிய மோதிரத்துக்கு வாடகையும் கொடுப்பது நகை என்ற சொல்லோடு எனக்கு எப்போதும் பொருந்தவில்லை.

ஆயுளைப் பற்றிய கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது ஆப்பிளின் தங்கக் கடிகாரத்தில்தான். 2015 ஏப்ரலில் முதல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது 18 காரட் தங்கக் கூடு கொண்ட வகையும் அதனுடன் வந்தது. அடுத்த ஆண்டே அந்தத் தங்க வகை நிறுத்தப்பட்டது. 2018இல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 என்ற இயங்கு மென்பொருள், முதல் தலைமுறைக் கடிகாரங்களை ஏற்கவில்லை. தங்கக் கூட்டுக்குள் இருந்ததும் எளிய அலுமினியக் கூட்டுக்குள் இருந்ததும் ஒரே சில்லு என்பதால், இரண்டும் ஒரே நாளில் பழையவையாயின. பரம்பரையாகக் கைமாற வேண்டிய உலோகத்துக்குள் மூன்றே ஆண்டுக்கால மென்பொருளைப் பூட்டியது எனக்குத் தங்கத்துக்குச் செய்த அவமதிப்பாகவே படுகிறது. அதே கடிகாரத்துக்காக எர்மேஸ் நிறுவனம் செய்த தோல் வார்களின் கதை வேறு. வாரைப் பூட்டும் அமைப்பை ஆப்பிள் மாற்றாமல் வைத்திருந்ததால், அந்த வார் தேயும் வரை அடுத்தடுத்த கடிகாரங்களுக்கு அதையே மாட்டிக்கொள்ள முடிந்தது. கைவினைஞரின் வேலை கழற்றக்கூடிய பகுதியில் இருந்தது, அதனால் பிழைத்தது.

இந்த ஆயுள் சிக்கலை முதலில் நேர்மையாக எதிர்கொண்டவர்கள் டாக் ஹாயர் கடிகாரக்காரர்கள் என்பது என் கருத்து. 2015இல் அவர்கள் வெளியிட்ட ஸ்மார்ட் கடிகாரத்தை வாங்கியவர், இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்ததும் கூடுதல் தொகை செலுத்தி அதைக் கொடுத்துவிட்டு ஓர் இயந்திரக் கடிகாரத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். 2017இல் வந்த அடுத்த வகையில் மின்னணுப் பகுதியையே வாரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இயந்திரக் கடிகாரத்தைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. கூகுளும் லீவைஸும் 2017இல் கொண்டுவந்த டெனிம் ஜாக்கெட்டும் இந்த வழியில்தான் செய்யப்பட்டது. அதன் இடது கைப்பகுதியில் மின்சாரம் கடத்தும் நூல் நெய்யப்பட்டிருந்தது. அங்கே தடவினால் கைபேசியில் பாட்டு மாறும். மின்கலமும் சில்லும் கழற்றி மாட்டும் ஒரு சிறு பட்டையில் இருந்தன. 2023இல் அதற்கான செயலியை கூகுள் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த ஜாக்கெட்டை இன்றும் அணியலாம், துவைக்கலாம், யாருக்கேனும் கொடுக்கலாம். பெல்லாபீட் நிறுவனத்தின் லீஃப் என்ற இலை வடிவப் பதக்கத்தில், கடிகாரக் கடையில் கிடைக்கும் நாணய வடிவ மின்கலம் ஒன்று ஆறு மாதம் வரை உழைத்தது. தீர்ந்தால் திருகைக் கழற்றிப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த மூன்று வரிப் பதிலை நினைக்கும்போது, அந்தச் சிறு திருகாணிதான் நினைவுக்கு வருகிறது.

மின்கலமே இல்லாத மோதிரங்களும் உண்டு. பணம் செலுத்தவும் கதவு திறக்கவும் பயன்படும், அருகில் காட்டினாலே தகவல் பரிமாறும் என்எஃப்சி மோதிரத்தில் ஒரு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும். படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப்புலமே அந்தச் சுருளில் மின்சாரத்தைப் பிறப்பித்து, சில்லை ஒரு கணம் விழிக்கச் செய்கிறது. கணையாழியின் நேர் வாரிசு என்று இதைத்தான் சொல்வேன். அதில் பதிந்த அட்டையின் செல்லுபடிக் காலம் முடியலாம். ஆனால் மோதிரம் தேய்ந்து சாவதில்லை.

கண்ணாடிகளைப் பற்றி ஒன்று மட்டும். 2012 செப்டம்பரில் டயேன் ஃபான் ஃபர்ஸ்டன்பெர்கின் ஃபேஷன் காட்சியில் மாடல்கள் கேமராவும் சிறு திரையும் கொண்ட கூகுள் கிளாஸ் கண்ணாடியை அணிந்து நடந்தார்கள். ஆனாலும் பொதுமக்கள் அதை முகத்தில் ஏற்கவில்லை, 2015 ஜனவரியில் அந்த விற்பனை நின்றது. 2023இல் மெட்டாவும் ரே-பானும் சேர்ந்து செய்த கண்ணாடி, பல தலைமுறைகளாகப் பழகிய அதே சட்டத்துக்குள் கேமராவை வைத்ததால் ஏற்கப்பட்டது. அணிபவருக்கு அது வசதி. எதிரே நிற்பவருக்கு, தான் படம் பிடிக்கப்படுகிறோமா என்பதை அறிய ஒரு சிறு வெள்ளை விளக்கைத் தவிர வேறு வழியில்லை. கருவியை நகையாக மாற்றும்போது அது கண்ணிலிருந்து மறைகிறது என்பதை அழகின் வெற்றியாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கல விதிமுறையின்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கப்படும் கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும். நீரில் புழங்கும் கருவிகள் சிலவற்றுக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. அந்த விலக்கின் நிழலில் மோதிரங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்று விரும்புகிறேன். வெளி வளையம் ஒன்று, உள்ளே பொருந்தும் கருவி வளையம் ஒன்று என்று இரண்டாகச் செய்ய முடியும் என்றே நம்புகிறேன். வெளி வளையத்தைப் பொற்கொல்லர் செய்யட்டும். அவரவர் விருப்பப்படி தங்கமோ வெள்ளியோ கல்லோ இருக்கட்டும். உள் வளையத்தைப் பொறியாளர் செய்யட்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் எனக்குக் குறையில்லை.

சென்ற வாரம் டைட்டேனியம் மோதிரத்தை நகை வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். வெறும் மோதிரமாகவாவது அணியலாமா என்பது என் எண்ணம். உட்புறத்தில் உணரிகளுக்காக எழுப்பிய மேடுகள் விரலை அழுத்துகின்றன, அவற்றைச் சமன்படுத்தித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பிசினுக்குள் தெரிந்த சில்லுகளை வெகுநேரம் பார்த்தார். “இதை அரமும் தொடக்கூடாது, நெருப்பிலும் காட்டக்கூடாதம்மா. உள்ளே பேட்டரி இருக்கிறது, வெடித்துவிடும்” என்று சொல்லி, ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் சுண்டு விரலிலிருந்து பாட்டியின் மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்து, மோதிர விரலுக்குப் போகும்படி அளவைக் கூட்டித் தரச் சொன்னேன். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்.